விரிசலுக்கு அடித்த சுண்ணாம்பு

என் மகள் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவள் இருக்கும் நகரம் அடிக்கடி ஆடும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "அப்பா, ஆடுது, கொஞ்சம் இருங்க" என்பாள், அடுப்பில் பால் பொங்குகிறது என்கிற மாதிரி. இங்கே அக்கரப்பத்தனைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அந்தக் 'கொஞ்சம்' முடியும்வரை என் மனைவிக்கு மூச்சு வராது.

ஒரு நாள் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவள், இடுப்பில் சுற்றிய ஈரச் சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, உலகத்துல எத்தனையோ ஊரு இருக்கு. அந்த ஊரு மட்டும் ஏன் ஆடிக்கிட்டே இருக்கு?"

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். கேட்டால் விடுவேனா? இரண்டு ரொட்டியை எடுத்து, ஒன்றை மற்றதன் அடியில் தள்ளிக் காட்டினேன். பூமியின் மேலோடு ஒரே துண்டல்ல, பல தட்டுகள். அவை மெல்ல நகர்கின்றன. அந்த நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நுழைகிறது. ஓரங்கள் சிக்கிக்கொள்ளும், ஆனால் தள்ளுவது மட்டும் நிற்காது. அழுத்தம் ஏறி ஏறி, சிக்கல் விடுபடும்போது நிலம் குலுங்கும். பிறகு மறுபடி சிக்கும், மறுபடி குலுங்கும். நாம் விளிம்பிலிருந்து தள்ளி, தட்டின் உள்ளே இருக்கிறோம், அதனால் நமக்கு அது அரிது என்றேன்.

அவள் ரொட்டியையே பார்த்தாள். "அது தெரிஞ்சும் ஏன் அங்க போயி குடியிருக்காங்க?"

"துறைமுகம் இருக்கு. சமதரை இருக்கு. வேல இருக்கு."

"அப்ப நம்மள மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வருட ஆடி மழையில் எங்கள் பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல் விழுந்திருந்தது. லயத்துக்கு நேர் மேலே மலை. மண்சரிவைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் வந்து, விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்து வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் எங்களை ஆபத்துப் பட்டியலில் சேர்த்து, வேறு இடத்தில் வீடு கிடைக்க எழுதுவார். இதையெல்லாம் அவர் என்னிடம் சிங்களத்தில் விளக்கினார். அது புரியாத மனைவியிடம் நான், "அதத் தொடாத" என்று மட்டும் சொன்னேன். ரொட்டியில் ஜப்பானைக் காட்டியவனுக்குச் சொந்தச் சுவரைப் பற்றிக் கூடுதலாக இரண்டு வார்த்தை வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

தீபாவளி வந்தது. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்காத வீடு எங்கள் லயத்தில் கிடையாது. அடிக்காவிட்டால் அந்த வீட்டில் அந்த வருடம் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பின்சுவர் பளிச்சென்று இருந்தது. விரிசலைச் சீமெந்து குழைத்து அடைத்து, மேலே இரண்டு பூச்சும் பூசியிருந்தாள்.

"கண்ணாடி எங்க?" என்றேன்.

"அது ரெண்டா ஒடஞ்சு போயிருந்துச்சுங்க. கையக் கிழிக்கும்னு பேத்து வீசிட்டேன்."

அவளைக் கண்டபடி திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது, தப்பு என்னுடையது. இரண்டு பேரும் குப்பைக்குழியைக் கிளறியதில் ஒரு பாதி மட்டும் கிடைத்தது.

அடுத்த வாரம் அதிகாரி வந்தபோது அந்தப் பாதியை நீட்டினேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நல்ல மனிதர்தான். சுவரைத் தடவிப் பார்த்தார், கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் சொல்வதை நம்புகிறேன் சேர், ஆனால் பேர்க்கும்போதும் கண்ணாடி உடையுமே, கண்ணால் பார்ப்பதைத்தானே நான் எழுத முடியும் என்றார். சுவரை உடைத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். நீங்களே உடைத்த சுவரில் நான் எதை அளப்பது என்றார். கோபப்படக்கூட எனக்கு இடமில்லை. புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டிவிட்டு, இந்த மழை முடிந்த பிறகுதான் இனி வர முடியும் என்று இறங்கிப் போனார். மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அன்று பின்னேரமே மகள் பேசினாள்.

"கொஞ்சம் பெருசா ஆடுச்சுப்பா, பயப்படாதீங்க. இங்க ஆடுனா யாரு எங்க போகணும்னு எங்களுக்குப் பழக்கி வச்சிருக்காங்க. கதவுகிட்டயே பை கட்டி வச்சிருக்கோம்." பிறகு கேட்டாள், "நம்ம செவரு எப்படிப்பா இருக்கு?"

"அடச்சாச்சு."

"மழ கூடுனா நீங்களும் அம்மாவும் எங்க போவீங்க?"

"நம்ம ஸ்கூலுக்குப் போயிருவோம்" என்றேன்.

பதினோரு வருடம் அங்கே படித்தவள் அவள்.

"அதுவும் அதே மலைக்குக் கீழதானேப்பா இருக்கு" என்றாள்.