எடுப்புப் பல்

மருதப்பனுக்குப் பொதுப்பணித் துறையில் வேலை. சாக்கடைகளுக்கும் கால்வாய்களுக்கும் வரைபடம் போடுவார். மழை வலுத்து சிராங்கூன் ரோட்டில் தண்ணீர் நின்றால், "என்னப்பா, நீ போட்ட கால்வாய் எங்க போச்சு?" என்று தேநீர்க் கடையில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பஃபலோ ரோட்டில் வழியை மறித்துப் படுத்திருக்கும் மாடு, வாழைத்தாரைத் தோளில் ஏற்றும் ஆள், ஃபேரர் பார்க் திடலில் பந்துக்குப் பின்னால் ஓடும் கால்கள் என்று வேலை முடிந்து வரும் வழியில் கண்ணில் பட்டதெல்லாம் அதில் படமாக ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவன் ரோட்டு மாடி அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணெய் வர்ணத்தில் தீட்டுவார். "ரசத்துலகூட டர்பண்டைன் வாசம் வருது" என்பாள் மனைவி அன்னம்மா. ஆனாலும் தூரிகை துடைக்கப் பழைய துணியைக் கிழித்து வைப்பது அவள்தான்.

1965-இல் அக்கா சுந்தரிக்குப் புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. காலமான அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். பக்கத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. அம்மா ரத்தினம்மாவுக்குப் படமே கிடையாது. அடையாள அட்டை வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, ஜப்பான்காரன் காலத்தில், காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது மருதப்பனுக்கு எட்டு வயது. சுந்தரிக்குப் பதின்மூன்று.

"அப்பா தனியா இருக்காருடா. அம்மாவ நீ வரைஞ்சு குடு" என்றாள் அக்கா.

எட்டு வயது ஞாபகத்தை வைத்துக்கொண்டு அவர் தொடங்கினார். அக்கா வாரம் தவறாமல் வந்து திருத்தம் சொன்னாள். மூக்கு இன்னும் கூர்மையாக, கண் பெரிதாக, புருவம் வில் மாதிரி. ஒரு நாள் வைர மூக்குத்தி வேண்டும் என்றாள்.

"அம்மாகிட்ட ஏதுக்கா வைரம்?"

"வாங்கணும்னு ஆசப்பட்டுச்சு. போடு."

போட்டார். ஐந்து மாதத்தில் முகம் அழகாகிக்கொண்டே வந்தது. பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. யாரோ ஒரு பெண் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். எங்கே தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தீபாவளியன்று அக்கா குடும்பம் ஓவன் ரோட்டுக்கு வந்திருந்தது. மத்தியானம் ஆமினா பீவியும் வந்தார். நோரிஸ் ரோட்டில் முன்பு இவர்களுக்குப் பக்கத்து வீடு, அம்மாவுக்கு உயிர்த் தோழி. முறுக்கைக் கடித்துக்கொண்டே ஜன்னலோரப் படத்தைப் பார்த்தார்.

"யாரு தம்பி இது, சினிமாக்காரியா?"

"அம்மா, மாமி."

"எந்த அம்மா?"

"எங்க அம்மாதான்."

ஆமினா பீவி எழுந்துபோய்க் கிட்டத்தில் பார்த்தார். "நம்ம ரத்தினமா? பல்லு எங்க?"

"என்ன பல்லு?" என்றாள் சுந்தரி.

"முன்னால ரெண்டு பல்லும் எடுப்பா இருக்குமே, மறந்துட்டீங்களா? உதடு மூடவே மூடாது. சிரிக்கிறப்ப சேலைத் தலைப்ப வாயில வச்சுக்குவா."

"எங்க அம்மாவுக்கா? அதெல்லாம் இல்ல மாமி!" சுந்தரிக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து படத்துக்குக் கிட்டே போனாள். பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்: "அப்பா தேங்காத் துருவின்னு கூப்பிடுவாரு." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

மருதப்பனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பஞ்ச காலம். அவித்த மரவள்ளிக் கிழங்கில் ஒரு கடி கடித்துவிட்டு, பசியில்லை என்று மீதியை அம்மா அவர் கையில் கொடுப்பாள். கிழங்கில் ஆழமாக இரண்டு பல் தடம் இருக்கும். அந்தத் தடத்தின் மேலேயே அவர் கடிப்பார். இருபத்திரண்டு வருடமாக அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் படத்தில் வாயைச் சுரண்டி எடுத்தார். பல் வந்ததும் மேலுதடு உயர்ந்தது, கன்னம் இறங்கியது, அக்கா கேட்ட கூர்மூக்கு பொருந்தாமல் தானே மழுங்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள். வைரத்தை அழிக்கப் போனபோது மட்டும் சுந்தரி கையைப் பிடித்தாள். "அது இருக்கட்டும்லா." விட்டுவிட்டார்.

படத்தைப் புக்கிட் மேராவில் மாட்டிய அன்று அக்கா பாயசம் வைத்தாள். எதிர் வீட்டுச் சீனப் பெண்மணி எட்டிப் பார்த்து, இந்த அம்மா நல்ல சிரிப்புக்காரியா என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றாள் சுந்தரி.

திரும்பும்போது பஸ்ஸில் அன்னம்மா சொன்னாள்: "என்னையும் ஒண்ணு வரைங்க. நான் எதிர்ல இருக்கறப்பவே."

"கண்ணாடியோடவா, இல்லாமலா?"

"கண்ணாடியோட. இந்த மருவையும் விடாதீங்க."

அடுத்த ஞாயிறு கீரை ஆய்ந்தபடி அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உலை கொதிக்கிறது என்று ஒருமுறை எழுந்தாள், பால்காரர் வந்தார் என்று ஒருமுறை. "அசையாம இரேன்" என்று அவர் கெஞ்ச, "அப்ப நீங்க போய் அடுப்பப் பாருங்க" என்றாள். மத்தியானம் வரை ஒரு காதும் பாதிக் கொண்டையும்தான் முடிந்திருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்காரலாம் என்று மருதப்பன் தூரிகையைத் துடைத்து வைத்தார்.