மேகத்துக்கு மேலே மகள் வீடு

எண்பதுகளில், மலேசியாவில் ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மெலிந்த, கறுத்த மனிதர். விரல்களில் ரப்பர் பால் கறை. அடிக்கடி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தூறல் விழுகிறதா என்று பார்த்தார்.

சிகாகோவில் மகளோடு இருந்துவிட்டு, போன மாதம்தான் திரும்பினாராம். அந்த ஊரின் மிக உயரமான கட்டடங்களில் ஒன்றில், எழுபதாவது மாடியில் அவள் வீடு.

“அங்கயே இருந்திருக்கலாமேண்ணே?”

“மேகம் நமக்குக் கீழ நிக்குது தம்பி. மழையான்னு கீழ போன் போட்டுக் கேக்கணும். மழை வருமான்னு வானத்தப் பாத்துட்டு ரப்பர் மரம் சீவப் போனவன் நான். மூச்சு முட்டிருச்சுலா.”

“மக என்ன சொன்னிச்சு?”

“அழுதுச்சு. பிரசவத்துக்குத் துணையாத்தான் கூப்பிட்டிச்சு. இந்த மாசம் பொறக்கும்.”

எஸ்டேட் முனையில் நிதானமாக இறங்கிப் போனார். அவர் முகம் மறந்துவிட்டது. நான் பார்த்தே இராத அந்தப் பெண்ணைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.