சந்தேஷ் பெட்டியோடு நுழைந்தேன்

கம்பெனிகளிடமே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்களுடைய நெட்வொர்க்கில் ஓட்டை எங்கே என்று திருட்டுத்தனமாக நுழைந்து பார்ப்பது என் உத்தியோகம். நான் குடியிருக்கும் லேக் கார்டன்ஸில் அக்கம்பக்கத்தாரிடம் இதைச் சொன்னால், ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தொலையேன் என்கிற மாதிரிப் பார்ப்பார்கள்.

பாலிகஞ்சில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி. ஐந்து நாள் வெளியிலிருந்து முட்டிமோதியும் உள்ளே போக முடியவில்லை. அங்கே கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பானவர் போன் செய்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

துர்கா பூஜை முடிந்த வாரம் அது. வங்காளிகளின் பிஜோயா வாழ்த்துச் சொல்ல இனிப்போடு வருகிறவர்களை இந்த ஊரில் யார் என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் அவமரியாதை. ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கிக்கொண்டு போனேன். காவலாளி ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். பில்லிங் பிரிவில் இருந்த மாமி, நான் பேசிய வங்காள மொழியைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

“தமிழா நீ? மொதல்லயே சொல்லப்படாதோ? என் சீட்ல உக்காரு. தேங்கா உருண்டை பண்ணிண்டு வந்திருக்கேன், தட்டுல எடுத்துண்டு வரேன்.”

கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போனார். அவர் திரும்புவதற்குள் மொத்த சர்வரும் எனக்குத் திறந்துகொண்டது. நுழைந்ததற்கு அடையாளமாக ஒரு ஃபைலை மட்டும் அதில் வைத்துவிட்டு, இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

மறுநாள் அறிக்கையோடு போனால், முதலாளிக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: யாருடைய கம்ப்யூட்டர்? பெயரைச் சொல்லுங்கள், இன்றே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். மாமிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

எழுதுவதென்றால் அன்றைக்கு என்னை யார் என்று கேட்காத எல்லார் பெயரையும்தான் எழுத வேண்டும் என்றேன். படிக்கட்டில் எதிரே வந்து, என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, இரண்டு சந்தேஷ் எடுத்துக்கொண்டவர் பெயரையும் சேர்த்து. அப்போதுதான் முதலாளி என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். யாரையும் அனுப்ப வேண்டாம், எல்லாருக்கும் நீங்களே பயிற்சி கொடுத்தால் போதும் என்றார்.

பயிற்சி முடிந்த மறுவாரம் ஒரு வேலையாக அங்கே போனவள், மாமியிடம் பேச்சுக் கொடுக்க ஆசையாகப் போய் நின்றேன். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு எழுந்தார்.

“ஐடி கார்டு காட்டுங்கோ.”

காட்டினேன். படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்த ஒரே ஆள் அந்த ஆபீஸில் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.