ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன ப்ளகின்

"அப்பா உப்பளத்துல, அம்மா உப்பளத்துல. உனக்கு மட்டும் எதுக்கும்மா டிஜிட்டல் மார்க்கெட்டிங்?"

நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. கேட்டவர் ராஜேஷ் சார். தூத்துக்குடியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் வெப்சைட் செய்துகொடுக்கும் அலுவலகம் நடத்தினார். சென்னையில் ஏதோ ஓட்டலில் நடந்த வார இறுதிப் பயிற்சிக்குப் போய்வந்ததில் இருந்து தன்னை 'குரோத் கோச்' என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பயிற்சியின் சான்றிதழ் அவர் தலைக்கு மேலே, சாமி படத்தைவிடப் பெரிய சட்டத்துக்குள் தொங்கியது.

"எங்க வீட்ல பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் சார். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி வாங்கின முதல் ஆளும் நான்தான். ரெண்டுக்கும் நடுவுல வழி சொல்ல வீட்ல ஆள் கிடையாது. ஆனாலும் வந்து சேந்துட்டேன்லா?" என்றேன்.

அவர் என் விண்ணப்பத்தை மறுபடி பார்த்தார். "இசக்கியம்மாளா? உக்கிரமான சாமி பேரு. கேட்டாலே கிளையன்ட் பயந்துருவான். ஈமெயில்ல 'ஐரிஸ்'னு போட்டுக்குவோம்."

"பயப்படட்டும் சார். பில்ல ஒழுங்காக் கட்டுவான்."

வேலை கிடைத்தது. என் பதிலில் அசந்துபோய்க் கொடுத்தார் என்றுதான் நினைத்தேன். வேறு யாருமே விண்ணப்பிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

சக்கரம் சுற்றுகிறது

இந்த வேலைக்கு வரப்போகும் தங்கைகளுக்கு முதலில் ப்ளகின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த ஒரு துண்டு நிரல். வெப்சைட்டில் மாட்டினால் ஒரு வேலையைச் செய்யும். ஒன்று ஆர்டர் வாங்கும், ஒன்று படத்தைச் சுருக்கும், ஒன்று வந்து போகிறவர்களை எண்ணும். வீட்டுக்கு மின்விசிறி மாட்டுவது மாதிரிதான். தேவையான அறையில் ஒன்று மாட்டினால் காற்று வரும். ராஜேஷ் சார் ஒரே அறையில் கூரை தெரியாமல் மாட்டுவார். ஃப்யூஸ் போனால், "உங்க ஏரியால நெட் சரியில்ல" என்று கிளையன்டிடம் சொல்லுவார்.

எனக்குக் கிடைத்த முதல் கிளையன்ட் ரொசாரியோ அண்ணாச்சி. சொந்த ஊர் புன்னைக்காயல். தூத்துக்குடியில் மீன் வியாபாரம். விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் ஐஸ் பெட்டியில் மீன் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மச்சான் சூசையின் படகில் இருந்துதான் அவருக்கு மீன் வரும்.

"எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்லளா. என்ன மீன் கிடக்கு, என்ன விலை, என் போன் நம்பர். அவ்வளவுதான்" என்றார்.

நான் அதைத்தான் செய்தேன். கண் இமைப்பதற்குள் திறக்கும் ஒரு பக்கம். ராஜேஷ் சார் அதைப் பார்த்துவிட்டு, "சாவு வீடு மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் அதில் அலைச் சத்தம் கேட்டது. திரையில் கீழிருந்து மேலே நீர்க்குமிழிகள் போயின. சுற்றினால் தள்ளுபடி கிடைக்கும் சக்கரம் ஒன்று வந்தது. சக்கரத்துக்கு முன்னால், ஈமெயில் முகவரி கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று ஒரு பெட்டி வழிமறித்தது.

"தம்பி, கடைக்கு வாரவன வாசல்லயே மறிச்சு அட்ரஸ் கேட்டா, அவன் அடுத்த கடைக்குல்லா போவான்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அது லீட் கேப்சர் அண்ணாச்சி. ஆளப் புடிக்கிற டெக்னிக்."

"மீன் புடிக்கத்தான் எனக்குத் தெரியும். ஆளப் புடிக்கிறது போலீஸ் வேலைலா?"

விளாத்திகுளத்தில் மெஸ் நடத்தும் ஒருவர் போனில் அழைத்தார். "சக்கரம் சுத்துதும்மா. சுத்திக்கிட்டே இருக்கு. மீன் எப்ப வரும்?" அவர் சொன்னது தள்ளுபடிச் சக்கரத்தை அல்ல. பக்கம் திறப்பதற்கு முன்னால் சுற்றுமே, அந்தச் சக்கரத்தை.

மாதக் கடைசியில் ராஜேஷ் சார் அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு மேலே மேலே ஏறியது. "ட்ராஃபிக் பாத்தியளா? அமெரிக்கால இருந்துகூட உங்க சைட்டுக்கு வாரான்!"

"அமெரிக்காக்காரன் என் சாளை மீனத் தேடியா வாரான்? ஐஸ் பெட்டி அங்கன வரைக்கும் தாங்காதே தம்பி."

அந்தக் கோட்டை நான் பிரித்துப் பார்த்திருந்தேன். அமெரிக்காவில் இருந்து வந்தவை ஆட்கள் அல்ல, இணையத்தில் தானாகச் சுற்றும் நிரல்கள். மீதியில் பெரும்பகுதி எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்கள். கொஞ்சம் அண்ணாச்சியின் மகள். அப்பா கடை நெட்டில் வந்திருக்கிறது என்று தோழிகளுக்குத் திறந்து திறந்து காட்டியிருக்கிறாள். மீன் வாங்க வந்தவர்கள் அந்தக் கோட்டில் எங்கோ அடியில் கிடந்தார்கள்.

இன்று காலை பிடித்தது

ஆர்டர் ஏறவில்லை என்று அண்ணாச்சி சொன்னதும், ராஜேஷ் சார் தன் பயிற்சியின் சிகரத்தை வெளியே எடுத்தார். அதன் பெயர் 'அர்ஜென்சி'. வாங்க வருகிறவனை யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவது. அதற்கும் ஒரு ப்ளகின் உண்டு. பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டை ஒன்று ஓடும். சூசையின் படகுப் படம், அன்றைய தேதி, அதன் பக்கத்தில் இந்த வரி: "இன்று காலை புன்னைக்காயலில் பிடித்தது! இன்னும் சில கிலோ மட்டுமே!" தேதி தினமும் தானாக மாறிக்கொள்ளும்.

"சார், ஞாயித்துக்கிழமை புன்னைக்காயல்ல யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க" என்றேன். "மாதா கோயில் பூசை நாள். ஊர்க் கட்டுப்பாடு. அன்னைக்கு அண்ணாச்சி விக்கிறது சனிக்கிழமை பிடிச்சு ஐஸ்ல போட்ட மீன். அவரே வாய்விட்டுச் சொல்லித்தான் விப்பாரு."

"ஞாயித்துக்கிழமைதாம்மா ஊரே மீன் திங்குது! அன்னைக்குப் போய் பட்டைய நிறுத்தச் சொல்லுதியா? கடவுள் லீவு எடுக்கலாம், மார்க்கெட்டிங் லீவு எடுக்கக் கூடாது."

சைட்டைத் திறந்து மாற்றுவதற்கான அட்மின் பாஸ்வேர்டை அவர் தன்னிடமே வைத்திருந்ததால் பட்டையை என்னால் எடுக்க முடியவில்லை. நான் சொன்னதையே ஈமெயிலிலும் எழுதினேன். கீழே இசக்கியம்மாள் என்று முழுப் பெயரும் போட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை ரொசாரியோ அண்ணாச்சி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கையில் போன்.

புன்னைக்காயல் பையன் ஒருவன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். எந்தக் கடலிலோ இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். கூடவே ஒரு வரி: "ஊரு பூராவும் பூசையில, சூசை மாமா மட்டும் ஆசையா கடல்ல."

"ஊர்க் கமிட்டில விசாரிக்கப் போறாவ" என்றார் அண்ணாச்சி. "அதுவரைக்கும் மச்சான் படகக் கடல்ல இறக்கக் கூடாதுன்னுட்டாவ. உண்மைன்னு ஆச்சுன்னா இந்தப் பருவம் பூரா கரையிலதான் கிடக்கணும். சீலா மீன் ஓடுத நேரம்ளா இது. அந்தப் படக நம்பி எத்தன வீடு இருக்கு தெரியுமா?"

"சூசை அண்ணாச்சி பூசைக்குப் போகலியா?" என்று கேட்டேன்.

"முன் வரிசைல நின்னான். அதுக்கு என்ன சொல்லுதாவ தெரியுமா? 'நீ பூசைக்கு வந்த. ஒன் படகு வந்துச்சா?' இன்ஜின் வேலைக்காக அது தூத்துக்குடியில கிடந்துச்சு. பட்டறையும் ஞாயித்துக்கிழமை பூட்டு. படகு நின்னதக் கண்ணால கண்டவன் ஒருத்தன் இல்ல."

ராஜேஷ் சார் அதற்குள் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து முகம் மலர்ந்திருந்தார். "அண்ணாச்சி, எத்தன ஷேர் பாருங்க! இது ஆர்கானிக் எங்கேஜ்மென்ட். காசு கொடுத்தாலும் கிடைக்காது."

அண்ணாச்சி அவரையே பார்த்தார். "தம்பி, நீங்க எங்கூட ஊருக்கு வாரிய. இது பொய்யின்னு கமிட்டில சொல்லுதிய."

"அதெப்படி? ப்ராண்ட் ட்ரஸ்ட் போயிருமே!"

நான் எழுந்தேன். "நான் வாரேன் அண்ணாச்சி. சார்கிட்ட பாஸ்வேர்ட மட்டும் வாங்கித் தாங்க."

அண்ணாச்சி இருந்த இருப்பைப் பார்த்து சார் பேசாமல் எழுதிக் கொடுத்தார். அவருடைய பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். குரோத் கோச்சின் பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

திமிங்கிலம்

கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஊர்க் கூட்டம். ஆண்களும் பெண்களும் நிறைந்திருந்தார்கள். சூசை ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றார். கமிட்டித் தலைவர் மிக்கேல் அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"ஏளா, நீ யாரு?"

"முத்தையாபுரம். உப்பளத்துப் பிள்ளை. இந்த வெப்சைட்டு செஞ்ச ஆபீஸ்ல வேலை பாக்கேன்."

"தேதி போட்டிருக்கு, படகு போட்டிருக்கு, நம்ம ஊர் பேரும் போட்டிருக்கு. இவ்வளவும் பொய்யின்னு சொல்லுதியா?"

தேதி தானாக மாறும் என்று விளக்கினேன். டெம்ப்ளேட், ஆட்டோமேட்டிக் என்றெல்லாம் சொன்னேன். யாருக்கும் பிடிபடவில்லை. பின்னால் இருந்து ஒரு அம்மா, "ரொசாரியோ நல்லாப் படிச்ச பிள்ளையாப் பாத்துக் கூட்டிட்டு வந்திருக்கான், பொய் சொல்ல" என்றார். படித்தவள் என்பதை என் வாழ்க்கையில் முதல்முறையாக வசவாகக் கேட்டேன்.

பேசிப் பயனில்லை என்று புரிந்தது. லேப்டாப்பைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, உங்க போன்லயே அந்தப் பக்கத்தத் திறந்து வச்சுக்கிடுங்க."

அட்மினுக்குள் போய் ஒரு வரியைத் தட்டினேன். சேமித்தேன். அவர் போனில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ராஜேஷ் சாரின் குமிழிகளையும் அலைச் சத்தத்தையும் அன்று திட்டியது போல் நான் என்றும் திட்டியதில்லை. ஒருவழியாகப் பக்கம் திறந்தது. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற பெண் சத்தமாகப் படித்தாள்:

"இன்று காலை மிக்கேல் அண்ணாச்சி பிடித்தது: திமிங்கிலம்! இன்னும் சில கிலோ மட்டுமே!"

மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது.

"மிக்கேலு, எப்பய்யா போனீரு? சொல்லவே இல்ல!"

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வையும், வாலுப் பக்கமா!"

"திமிங்கிலம் புடிச்சா ஜெயில்லா! தலைவர மொதல்ல கரையேத்துங்கலே!"

மிக்கேல் அண்ணாச்சி எழுந்தேவிட்டார். "இத மொதல்ல அழிளா! எவனாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துறப் போறான்!"

எடுத்தாகிவிட்டது. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊர் குரூப்பில் மணி அடித்தது. கப்பலில் இருக்கும் அதே பையன் கேட்டிருந்தான்: "திமிங்கிலம் கிலோ என்ன விலை மாமா?"

அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. படகை இறக்கிக்கொள்ளலாம் என்றார் தலைவர். சூசை என்னிடம் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, போன்ல 'கடைசி ரெண்டு ஜோடிதான் இருக்கு'ன்னு போட்டிருந்தான், அவசரமா ஒரு செருப்பு வாங்கினேன். அதும் இப்படித்தானா?"

"பெரும்பாலும் இப்படித்தான் அண்ணாச்சி."

"அதான் காலுக்குச் சேரல" என்றார்.

அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்து சக்கரம், குமிழி, அலைச் சத்தம், வழிமறிக்கும் பெட்டி எல்லாவற்றையும் கழற்றினேன். சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டு, ஞாயிறு மட்டும் தெரியும்படி ஒரு வரி எழுதினேன்: "இன்று எங்கள் படகு கடலுக்குப் போகாது. இன்று கிடைப்பது நேற்றுப் பிடித்து ஐஸில் வைத்த மீன்." ரொசாரியோ அண்ணாச்சி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதத்தான நான் தெனமும் வாயால சொல்லுதேன்" என்றார்.

கோடு இறங்கியது

"தொழில் ரகசியத்த ஊரக் கூட்டி டெமோ காட்டிட்டு வந்திருக்கியே!" ராஜேஷ் சார் கோபத்தில் கத்தினார். "ட்ராஃபிக் எப்படி விழுந்துருக்கு பாத்தியாளா?"

விழுந்திருந்தது உண்மைதான். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களை நான் கணக்கில் இருந்து எடுத்துவிட்டேன். தானாகச் சுற்றும் நிரல்களையும் தடுத்துவிட்டேன். கோடு தரையோடு படுத்திருந்தது. ஆனால் ஆர்டர் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் போன் கொஞ்சம் கூடவும் செய்தது. விளாத்திகுளத்து மெஸ்காரர் சொன்னார்: "நேத்து மீனை நேத்து மீன்னே போட்டிருக்கீங்க. அப்ப மத்த நாள் 'இன்னைக்கு'ன்னு போட்டா நம்பலாம்லா?"

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாராவது கோட்டைக் காட்டினால், அதில் மீன் வாங்க வந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பொய்யை மாட்டுவதற்கு ஆயிரம் ப்ளகின் கிடைக்கும். அதைக் கழற்ற, ஊருக்கு நடுவில் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை வேலைக்கு வைத்திருந்ததுதான் ராஜேஷ் சார் எடுத்த ஒரே நல்ல மார்க்கெட்டிங் முடிவு. அது அவருக்கு இன்னும் தெரியாது.

அந்த மாதத்தோடு விலகினேன். முத்தையாபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு அறை பிடித்திருக்கிறேன். ரொசாரியோ அண்ணாச்சியின் சைட் இப்போது என் கையில். போர்டு எழுத வந்தவர், "இசக்கியம்மாள்னு முழுசாவாம்மா? இடம் பத்தாது, சுருக்கிருவமா?" என்று கேட்டார்.

"பத்தலன்னா பலகையப் பெருசாக்குங்க" என்றேன்.

பெரிதாக்கினார். நேற்று மாட்டியாகிவிட்டது. பஸ்ஸில் இருந்தே படிக்கலாம்: இசக்கியம்மாள், வெப்சைட் வேலை. ஞாயிறு விடுமுறை.