சபையை மூட எஸ்தர் சம்மதிக்கவில்லை

அன்பான சகோதர சகோதரிகளே, சாட்சி என்றால் சுகமானதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மனைவி இன்னும் சுகமாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் கோடை விடுமுறையில் எஸ்தருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறதா என்பதே சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னார். பேச்சு வர வேண்டும் என்று முழங்கால் தேய ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பது எஸ்தரா, அவள் உடம்பு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. போகப்போக, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. கோபம்தான் வரும்.

அந்தச் சமயத்தில் சபையும் படுத்துவிட்டது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது ஒரு சின்ன காங்கிரிகேஷனல் சபை. நான் திருநெல்வேலிக்காரன், வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன். பிஷப் சொன்னால் ஆயர் மாறும் சபையில் வளர்ந்தவன். இங்கே பிஷப் கிடையாது. கடவுளோடும் ஒருவரோடொருவரும் உடன்படிக்கை செய்துகொண்ட சில குடும்பங்கள், கொட்டகை போட்டு ஆரம்பித்த சபை இது. கிறிஸ்துதான் தலைவர். அவருடைய சித்தத்தைச் சபையார் கூடி ஜெபித்துத் தேடுவார்கள். ஆயரை அழைப்பதும் கூட்டத்தில்தான், மின்விசிறி வாங்குவதும் கூட்டத்தில்தான். ஒரு மின்விசிறிக்கு எத்தனை ஞாயிறு பேசுவீர்கள் என்று எஸ்தரைக் கிண்டலடிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். இந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

ஆயர் எங்கள் சபையை விட்டுப் போய்விட்டார். வேறொருவரை அனுப்ப மேலே யாரும் இல்லை. சபையார் பிள்ளைகள் எல்லாம் பொத்தேரி, சென்னை என்று குடிபோய்விட்டார்கள். கூரைத் தகடு துருப்பிடித்து ஒழுகியது. சபையை மூடிவிட்டுச் செங்கல்பட்டில் ஒரு பெரிய சபையோடு சேர்ந்துவிடலாமா என்று முடிவெடுக்க, ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூட்டம் போட்டார்கள்.

எஸ்தரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. சக்கர நாற்காலியில் கூட்டிப் போயிருந்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் சாலமோன்தான் சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன். அவர் ஜெபித்துவிட்டு, மூடச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். நானும்தான். சிலர் அழுதார்கள். எஸ்தருக்கும் சம்மதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது முடியாது சார். அவங்களும் மெம்பரு. அவங்களாண்ட கேக்காம எப்டி முடிக்கறது?"

"அவளுக்கு ஒண்ணும் புரியாது சாலமோன். வீணா எதுக்கு?"

எங்கள் சபையில் ஒருவருக்காக இன்னொருவர் கை தூக்கக் கூடாது, கட்டின புருஷனாக இருந்தாலும். சாலமோன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, சபையை மூடிவிடலாமா என்று கேட்டார். அவள் அசையவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆண்டவரே, போதும் என்று மனதுக்குள் சொன்னேன். அன்றைக்கு என்னால் முடிந்த ஜெபம் அவ்வளவுதான்.

"மூட வேணாமாம்மா?"

அவள் இடது கை எழுந்தது. மெதுவாக, தோள்வரை. கை சும்மா அப்படி ஆடும், அதற்கு அர்த்தமில்லை என்றேன். சாலமோன் மறுபடியும், மூடலாமா என்றார். கை இறங்கியது. வேண்டாமா என்றார். எழுந்தது. அப்படியே என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நன்றாகக் கோபமாக. எனக்குப் பழக்கமான எஸ்தரின் கோபம் அது.

இத்தனை மாதமும் அவள் உள்ளேதான் இருந்திருக்கிறாள். சிமெண்ட் தரையில் விழுந்து அழுதேன்.

ஒருவர் மனம் ஒப்பாதவரை மூட வேண்டாம் என்று முடிவாகி, கூட்டம் கலைந்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது. ஆயர் வரவில்லை. வாரத்துக்கு ஒருவராக வேதம் வாசித்துப் பேசுகிறோம். எஸ்தருக்குப் பேச்சு வரவில்லை, இனி வருமென்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் என் மனைவியைக் கர்த்தர் எனக்குத் திருப்பித் தந்துவிட்டார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். இப்போது குழம்பா ரசமா என்றுகூட அவளைக் கேட்டுத்தான் சமைக்கிறேன். கை எழும்வரை அடுப்பு பற்ற வைப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் பேச்சில்லாமல் ஒருவர் படுத்திருக்கலாம். அவருக்காக ஜெபியுங்கள், அவரையும் கேளுங்கள். கர்த்தரிடத்திலும் அப்படியே கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள்.