பக்கத்து ஆளின் கோழித் துண்டு

என் கண்பார்வை ஓரங்களிலிருந்து குறையத் தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நேரே பார்ப்பது தெரியும், பக்கங்கள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வரும், நிறுத்த மருந்து இல்லை என்று சிலாபத்தில் கண் டொக்டர் பொறுமையாக விளக்கினார். மாம்புரிக்குத் திரும்பும் பஸ்ஸில், உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். வீட்டு வாசலிலேயே கேட்டுவிட்டார்.

“டொக்டர் என்ன சொன்ன?”

“கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்கட்டாம்.”

உடனே என் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகுதான் ஊரில் என் பெயர் கெட்டது. பக்கவாட்டில் யார் கை காட்டினாலும் எனக்குத் தெரியாது. நுரைச்சோலையில் கடை வேலை கிடைத்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாகக் கதை பரவியது. நான் மறுக்கவில்லை. கண் போகிறவன் என்று இரக்கப்படுவதைவிட, திமிர் பிடித்தவன் என்று ஏசுவது எவ்வளவோ மேல். ஆனாலும் மனம் கேட்காமல், எதிரே தெரியும் உருவத்துக்கெல்லாம் முந்திக்கொண்டு சலாம் சொல்லத் தொடங்கினேன். ஒருநாள் வேலியில் காய்ந்த சட்டைக்கும் சொன்னேன்.

பிறகு மச்சானின் கல்யாணச் சாப்பாடு வந்தது. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடும் சஹன். சோற்றின் மேல் ஆளுக்கொரு பொரித்த கோழித் துண்டு. என்னுடையதை முடித்தேன். கை தானாக வலப்பக்கம் போனது. அங்கே இன்னொன்று அகப்பட்டது, அதையும் முடித்தேன். அடுத்து இடப்பக்கம் போனேன். இம்முறை கோழிக்குப் பதில் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்த ஒரு கை அகப்பட்டது.

“தம்பி, வலப்பக்கம் முடிஞ்சி இப்ப இங்காலயா?”

திமிர் என்று சொல்லித் தப்பலாம். திருட்டு என்று சொல்லித் தப்ப முடியாது.

“எனக்குப் பக்கம் தெரியாது,” என்றேன். “கண் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது.”

முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். வலப்பக்கத்தில் கோழியைப் பறிகொடுத்தவர் கடலுக்குப் போகும் மனிதர்; அண்ணன் முறையில் ஊரே அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடும். அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, நான் பைக்ல போகக்குள்ள கை காட்டினது?”

“தெரியல்ல காக்கா.”

“அதுக்காக ஒரு வருசமா ஒன்னோட கதைக்காம இரிந்தேனே!”

“அதுவும் தெரியல்ல.”

முதலில் அவர் சிரித்தார். பிறகு சஹனே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். எல்லாம் சிரிப்பால் வந்த நீரல்ல. அதை யாரும் பிரித்துப் பார்க்காதது நல்லதாயிற்று. “முன்னுக்குக் கறி! இடப்பக்கம் அச்சாறு!” என்று ஐந்து பேரும் வழி சொல்ல, அன்று எல்லோரையும்விட அதிகம் சாப்பிட்டவன் நான்தான்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னே போய்விட்டது. உம்மா அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்தார்.

“சோத்துக்கு முன்னால சொல்லத் தெரிஞ்ச ஒனக்கு, பெத்தவளுக்குச் சொல்லத் தெரியல்லயா?”

தலை குனிந்தேன்.

“இப்ப என்ட மொகம் தெரியுதா?”

“நேரா இரிந்தாத் தெரியும் உம்மா.”

கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு நேரே உட்கார்ந்தார். ஒரு மணித்தியாலம் அசையாமல் அங்கிருந்தே ஏசினார்.