ஜிக் வேண்டாம் என்று சொன்ன தேவாவுக்கு

தேவா போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஈப்போ மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவனிடம் கத்தி வாங்கியவர்கள் காம்பாரிலும் சுங்காயிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்காக மட்டும் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது.

அவனும் நானும் ஒரே ஃபேக்டரியில் பதினான்கு வருஷம் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தோம். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் கேட்காமலே இரண்டு வாரம் என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கத்தி செய்யும் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. பழைய லாரி ஸ்பிரிங் தகடு, ஆளுக்கொரு இரும்பு தேய்க்கும் பெல்ட் கிரைண்டர். ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவன் வீடு, பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான் கிடப்போம்.

கத்தியில் கஷ்டமான வேலை பெவல். முதுகிலிருந்து கூர் வரைக்கும் இறங்கும் சாய்வு. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறங்க வேண்டும். எனக்கு வலது பக்கம் நன்றாக வரும்... இடது பக்கம் கோணிக்கொண்டு போகும்.

அதனால் ஒரு ஜிக் செய்தேன். தகட்டை ஒரே சாய்வில் பிடித்துக்கொள்ளும் தாங்கி, அவ்வளவுதான். ஆங்கிள் அயர்ன் துண்டு, கதவுக் கீல், ஒரு நட்டு. பச்சை பெயிண்ட் அடித்து, என் பெயர் முரளி என்பதற்கு ஓர் எம் எழுத்தை அதில் குத்தினேன். சுத்தியல் வழுக்கி எம்முக்கு மூன்று கால் ஆகிவிட்டது.

அதை கேன்டீனுக்குக் கொண்டுபோய்க் காட்டியது என் தப்பு.

"என்னா மச்சான் இது? சின்னப் புள்ள சைக்கிளுக்கு சைட்ல ரெண்டு டயர் போடுவாங்களே, அது மாதிரி லா," என்றான் தேவா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அதை அவன் கொட்டகையில் இருந்த பழைய இரும்பு போடும் வாளியில் போட்டேன். "இப்பதான் மச்சான் நீ கத்தி செய்யிற ஆளு," என்றான்.

கையாலேயே பதினொரு தகடு கெடுத்தேன். அவன் கத்தி மட்டும் கோடு போட்ட மாதிரி வந்தது. ஒரு நிமிஷம் கையால் தேய்த்துக் காட்டுவான், பிறகு, "நீ வெளிய இரு மச்சான், பக்கத்துல ஆள் இருந்தா எனக்குக் கை தவறிடும்" என்று கதவைச் சாத்திக்கொள்வான். நம்பினேனே...

கடைசியில் ஒரு நாள் சொன்னான். "உனக்குக் கை நடுங்குது மச்சான். இது எல்லாருக்கும் வராது லா, விடு."

விட்டுவிட்டேன். கிரைண்டரையும் கொடுத்துவிட்டேன். ஒன்பது வருஷமாக எனக்குக் கை சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது கத்தி வேண்டும் என்று கேட்டால் தேவாவிடம்தான் அனுப்பினேன்.

இன்று காலை அவன் மனைவி பரமேஸ் கூப்பிட்டாள். கொட்டகையில் எந்தக் கரண்ட் ஒயர் எதற்கு என்று பார்த்துத் தரச் சொன்னாள்.

கிரைண்டருக்குப் பின்னால், துணியில் சுற்றி வைத்திருந்தான்.

"அத மட்டும் அவரு யாரையும் தொட வுடமாட்டாருண்ணே. புள்ளைங்க தொட்டாக்கூட சத்தம் போடுவாரு. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க."

பச்சை பெயிண்ட். விரல் பிடிக்கும் இடத்தில் மட்டும் தேய்ந்து இரும்பு பளபளத்தது. நட்டு மட்டும் புதுசு. பக்கத்தில் மூன்று கால் எம்.

எனக்கு அழுகை வரவில்லை. கை நடுங்கியது, அது மட்டும் நிஜம்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே தேவா. இன்னொன்று செய்துகூடக் கொடுத்திருப்பேன். எதற்கு என் கையைக் குறை சொன்னாய்?

வீட்டுக்கு வந்தேன். என் மகள் கல்யாணத்துக்கு அவன் செய்து கொடுத்த கத்தி எங்கள் சமையலறையில் இருக்கிறது. வந்தவர்களிடமெல்லாம் "முழுக்கக் கை வேலை" என்று நானே காட்டிய கத்தி. அதை ஜிக்கில் மாட்டி, மேசைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன்.

வலது பக்கச் சாய்வு கண்ணாடியில் இடுக்கு இல்லாமல் படிந்தது. திருப்பி வைத்தேன். இடது பக்கமும்.

நல்லபடியாகப் போ மச்சான். பரமேஸிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜிக் என்னிடம் இருக்கிறது.